எஞ்சின் போய்விட்டதாம்!

வாகனம் திருத்தும் இடத்துக்கு ஒரு பெண் தனியாகப் போனால் அவளுக்குக் கிடைப்பது விளக்கம் அல்ல, தீர்ப்பு. "இது இனிச் சரிவராது", "எஞ்சின் போயிட்டுது", "வீட்டிலை ஆம்பிளையள் இருந்தால் வரச்சொல்லுங்கோ" என்ற மூன்றில் ஒன்று. யுத்தத்தின் பின்னர் குடும்பப் பொறுப்பைத் தனியே சுமக்கும் எமது பெண்களில் பலர் முச்சக்கரவண்டி, வான், லாண்ட்மாஸ்ரர் என்பவற்றை வைத்து உழைக்கிறார்கள். ஓட்டுவதற்குப் பழகிவிட்டோம். அனுமதிப்பத்திரமும் எடுத்துவிட்டோம். ஆனால் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பது மட்டும் இன்னமும் ஆண்களுடைய உலகமாகவே இருக்கிறது. சமூகவியலில் இதனைப் பால்நிலை சார்ந்த தொழிற்பிரிவு என்று படித்தேன். கிளிநொச்சி மாவட்டத்தில் வேலை செய்யத் தொடங்கிய பின்னர்தான் அதற்கு ரூபாய்க் கணக்கும் உண்டு என்று தெரிந்துகொண்டேன்.

எங்கள் பெண்கள் குழுவில் ஓர் அக்கா இருக்கிறார். கணவரை 2009 இல் இழந்தவர். இரண்டு பிள்ளைகள். யப்பான் தயாரிப்பான பழைய டீசல் வான் ஒன்றை லீசிங்கில் எடுத்து, காலையும் மதியமும் பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். இடைப்பட்ட நேரத்தில் வாடகைக்கு ஓடுவார். எமது அலுவலகமும் களப்பயணங்களுக்கு அவரையே அழைப்பதுண்டு.

2023 செப்ரெம்பரில் ஒரு நாள் பரந்தனிலிருந்து விசுவமடுப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். நல்ல வெயில். நான் முன் ஆசனத்தில் இருந்தேன். அந்த வானில் எஞ்சின் ஆசனத்துக்கு அடியில்தான் இருக்கிறது. வழக்கத்தைவிட அதிகமாகச் சுடுகிறதே என்று நான் நினைத்த அதே நேரம் அக்கா வெப்பம் காட்டும் மீற்றரைப் பார்த்துவிட்டார். பாதிக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டிய முள் சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தது. உடனே ஒரு மரநிழலில் வானை நிறுத்தி எஞ்சினையும் நிறுத்திவிட்டார். ரேடியேற்றர் மூடியில் கை வைக்கவில்லை. என்னையும் வைக்க விடவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் காத்திருந்து, எல்லாம் ஆறிய பின்னரே துணியால் மூடியைத் திறந்து தண்ணீர் விட்டார்.

பிறகு அவருடைய வாழ்வாதாரத்தைக் காப்பாற்றியது இந்தப் பொறுமைதான். கொதிக்கும் எஞ்சினுடன் "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்று ஓடினால் மேற்பகுதி வெடித்துப் போகும். அதைவிட ஆபத்து மூடியைத் திறப்பது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் 100 பாகையைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி திறந்த கணத்தில் அது ஆவியாகச் சீறி முகத்தில் அடிக்கும்.

அடுத்த நாள் அவர் ஒரு கராஜுக்குப் போனார். அங்கிருந்தவர் ஆசனத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. "சூடேறினதெண்டால் ஹெட் போயிருக்கும். எஞ்சினை இறக்க வேணும். மூண்டரை இலட்சம் வரும்" என்றார். கூடவே, "இப்பிடியே எடுக்கிறதுக்கு ஆள் இருக்கு, குடுக்கிறதெண்டால் சொல்லுங்கோ" என்றும் சொன்னார். மூன்றரை இலட்சம் அக்காவிடம் இல்லை. தாலிக்கொடி ஏற்கனவே அடைவில் இருந்தது. லீசிங் கட்டுப்பணம் மாதம் 27,000 ரூபா. ஒரு மாதம் தவறினால் தொலைபேசி, இரண்டு மாதம் தவறினால் வீட்டு வாசலுக்கு ஆட்கள், பிறகு வாகனத்தையே கொண்டுபோய்விடுவார்கள். "வித்துப்போட்டு ஆடு மாடு ஏதும் வாங்கு" என்று உறவினர்கள் சொன்னார்கள்.

அந்த வாரக் குழுக்கூட்டத்தில் அக்கா இதைச் சொன்னபோது ஒருவரும் பேசவில்லை. எல்லோரும் ஆறுதல் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தோம். அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அக்கா, மேல் குழாய் சுட்டதோ?"

கேட்டவர் கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுக்கும் ஒரு தங்கச்சி. இரண்டு வருடமாகக் கூட்டத்துக்கு வருகிறார். கையெழுத்து வைப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார், போய்விடுவார். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும் அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் கேள்வியை விடவில்லை. "எஞ்சின் கொதிக்கேக்கை ரேடியேற்றருக்கு வாற மேல் குழாய் சுட்டதோ, பச்சைத் தண்ணி மாதிரிக் கிடந்ததோ?"

அக்காவுக்குத் தெரியவில்லை. கராஜில் இருந்தவரும் தொட்டுப் பார்க்கவில்லை. "அப்ப நாளைக்குப் பாப்பம்" என்றார் தங்கச்சி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்காவின் முற்றத்தில் வான் நின்றது. தங்கச்சி முதலில் செய்தது தலைமுடியை இறுக்கிக் கட்டியதும் துப்பட்டாவைக் கழற்றிக் கொடியில் போட்டதும்தான். சுழலும் விசிறிக்கும் பெல்ற்றுக்கும் கிட்ட எதுவும் தொங்கக் கூடாது என்றார். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். அந்த ஒழுங்கை இங்கே தருகிறேன். வாகனம் வைத்திருக்கும் சகோதரிகளுக்குப் பயன்படும்.

எஞ்சின் முழுதாக ஆறியிருக்கும்போது ரேடியேற்றரைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார்த்தார். கீழே நிலத்தில் ஒழுக்கு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். பெல்ற்றை விரலால் அழுத்தி இறுக்கம் பார்த்தார். அடுத்து, ஹெட் கஸ்கற் போயிருக்கிறதா என்ற பயத்துக்கு வந்தார். எஞ்சின் ஒயில் மூடியைக் கழற்றிக் காட்டினார். தண்ணீர் ஒயிலுக்குள் போயிருந்தால் அது பால்தேத்தண்ணி போல வெளுத்து நுரைத்திருக்கும். இங்கே கறுப்பாக, சுத்தமாக இருந்தது. ரேடியேற்றர் வாய் திறந்திருக்க, ஆறிய எஞ்சினைச் சில நிமிடம் இயக்கச் சொன்னார். கஸ்கற் போயிருந்தால் உள்ளிருந்து குமிழிகள் விடாமல் வரும். வரவில்லை. பின்னால் வெள்ளைப் புகையும் இல்லை. "ஹெட் போகேல்லை அக்கா" என்றார். அக்கா அப்படியே திண்ணையில் இருந்துவிட்டார்.

அதன்பிறகு மூடியைப் பூட்டி எஞ்சினை ஓடவிட்டு, மீற்றரையும் மேல் குழாயையும் பார்த்துக்கொண்டிருந்தோம். முள் மெல்ல ஏறிப் பாதிக்கு வந்தது. நல்ல எஞ்சினில் இந்த நேரத்தில் கதவு திறந்து, அதுவரை குளிர்ந்திருந்த குழாய் சட்டென்று சுடத் தொடங்க வேண்டுமாம். முள் பாதியைத் தாண்டியது. குழாயை நானும் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடுதான். எஞ்சின் பக்கம் கை கிட்ட வைக்க முடியவில்லை. "நிப்பாட்டுங்கோ, காணும். தேர்மோஸ்ரற் பூட்டிக்கொண்டு நிக்குது" என்றார் தங்கச்சி.

தேர்மோஸ்ரற் என்பது என்ன? எஞ்சினுக்குள் உண்டாகும் வெப்பத்தைத் தண்ணீர் சுமந்து சென்று முன்னால் இருக்கும் ரேடியேற்றரில் ஆற்றிக்கொண்டு திரும்பி வருகிறது. அந்தப் பாதையில் இருக்கும் சிறிய கதவுதான் தேர்மோஸ்ரற். உள்ளங்கைக்குள் அடங்கும். அதன் நடுவில் ஒரு சின்ன உலோகக் குப்பி, குப்பிக்குள் மெழுகு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு கட்டியாக இருக்கும், கதவு மூடியிருக்கும், தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடாகும். குறித்த சூடு வந்ததும் மெழுகு உருகி விரிந்து ஒரு தண்டைத் தள்ளும், கதவு திறக்கும். ஆறினால் சுருள்வில் கதவை மூடிவிடும். மின்சாரம் இல்லை, கம்பி இல்லை. எத்தனை பாகையில் திறக்கும் என்பது அதன் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் 82 அல்லது 88 பாகை.

இந்தக் கதவு இரண்டு விதமாகப் பழுதடையும். மூடியபடி இறுகினால் எஞ்சின் கொதிக்கும். திறந்தபடி இறுகினால் எஞ்சின் சூடேறாது. முள் கீழேயே கிடக்கும், குழாய் தொடக்கத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடாகும், டீசல் கூடுதலாகச் செலவாகும்.

எஞ்சின் ஆறும்வரை பல மணித்தியாலம் காத்திருந்தோம். மேல் குழாய் எஞ்சினில் சேரும் இடத்தில் ஒரு மூடி, இரண்டு போல்ற். தண்ணீரை ஒரு வாளியில் இறக்கிவிட்டு, ஸ்பானரால் இரண்டையும் கழற்றினார். உள்ளே இருந்த தேர்மோஸ்ரற்றைச் சுற்றி வெள்ளையாகப் படிந்திருந்தது. எங்கள் கேத்தல்களின் அடியில் படிவதும் இதுதான். எமது பகுதிக் கிணற்றுத் தண்ணீரின் உப்பும் சுண்ணாம்பும்.

பழுது இதுதான் என்று உறுதிப்படுத்த ஒரு பரிசோதனை உண்டு. சமையலுக்கு இனி எடுக்காத ஒரு நெளிந்த அலுமினியச் சட்டியில் தண்ணீர் வைத்து அடுப்பை மூட்டினார். தேர்மோஸ்ரற்றை நூலில் கட்டி, சட்டியின் அடியில் முட்டாமல் தண்ணீருக்குள் தொங்கவிட்டார். "வெப்பமானி வேண்டாமா?" என்று கேட்டேன். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இந்தச் சூட்டுக்கு உதவாது. "தேவையில்லை அக்கா. கொதிக்கிற தண்ணி 100 பாகை. 82 இலை திறக்க வேண்டியது 100 இலும் திறக்கேல்லையெண்டால் அது செத்துப்போச்சு" என்றார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கதவு அசையவே இல்லை. மூன்றரை இலட்சத்தின் உண்மை அந்தச் சட்டிக்குள் கிடந்தது.

மறுநாள் மூவருமாகக் கிளிநொச்சி நகரில் உதிரிப்பாகக் கடைக்குப் போனோம். பழையதைக் கையில் கொண்டுபோனதால் அளவும் பாகையும் மாறாமல் வாங்க முடிந்தது. கஸ்கற்றுடன் 3,200 ரூபா. "எங்கடை வெக்கைக்கு இது ஏன்? கழட்டி எறிஞ்சுபோட்டு ஓடுங்கோ, கனபேர் அப்பிடித்தான்" என்று கடையில் நின்ற ஒருவர் ஆலோசனை சொன்னார். கனபேர் அப்படித்தான் என்பது உண்மை. வெப்ப நாடுகளில் இந்த நம்பிக்கை பரவலாக உண்டு. தங்கச்சி அங்கே ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போது எங்களுக்கு விளங்கப்படுத்தினார்.

"எங்கடை வெயில் 35 பாகை. எஞ்சின் கேக்கிறது 80 க்கு மேலை. வெயில் அதுக்குக் காணாது. இடியப்பப் பானையிலை ஆவி வந்தாப்பிறகுதானே தட்டு வைக்கிறம்? முந்தி வைச்சால் மா மாவாத்தானே கிடக்கும்? எஞ்சினும் அப்பிடித்தான்." சூடேறாத எஞ்சினில் எரிபொருள் முழுதாக எரியாது, ஒயில் தடிப்பாகவே நிற்கும், உள்ளே தேய்மானம் கூடும். அது மட்டுமல்ல, பல எஞ்சின்களில் தேர்மோஸ்ரற் திறக்கும்போது அதன் அடித்தட்டு வேறொரு குறுக்கு வழியை மூடுகிறது. தேர்மோஸ்ரற்றையே எடுத்துவிட்டால் சுடுதண்ணீரில் ஒரு பகுதி ரேடியேற்றருக்குப் போகாமல் அந்தக் குறுக்கு வழியாலேயே திரும்பிவிடும். பாரம் ஏற்றி ஓடும்போது எஞ்சின் கூடுதலாகக் கொதிக்கவும் கூடும்.

எமது மூத்தவர்களுக்கு இது புதிதல்ல. 1990 இல் வடக்குக்கு எரிபொருள் தடைப்பட்ட பின்னர் ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியதை மறந்திருக்க மாட்டீர்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டு இயக்கி, எஞ்சின் சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எஞ்சினுக்குச் சூடு வேண்டும் என்பதை அந்தத் தடைக்காலமே எங்களுக்குப் படிப்பித்தது.

புதியதையும் பூட்டுவதற்கு முன்னர் சட்டியில் போட்டுப் பார்த்தார். கொதி வருவதற்கு முன்பே, சின்னக் குமிழிகள் எழும் நேரத்தில், கதவு மெல்லத் திறந்தது. வெளியே எடுத்து ஆறவிட்டதும் மூடிக்கொண்டது. அக்காவின் மகள் "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று கேட்டு மூன்று தடவை பார்த்தாள்.

பூட்டுவதற்கு முன்னர் தேர்மோஸ்ரற் இல்லாமலே மூடியைப் போட்டு, தண்ணீர் விட்டுச் சிறிது நேரம் இயக்கினார். ரேடியேற்றர் வாய்க்குள் தண்ணீர் சுழன்று ஓடுவது தெரிந்தது. தண்ணீர்ப் பம்ப் பழுதென்றாலும் மேல் குழாய் குளிர்ந்துதான் கிடக்குமாம். ஆகவே அந்தச் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பழைய கஸ்கற்றைத் துண்டுகள் உள்ளே விழாமல் பிளேட்டால் சுரண்டி எடுத்தார். சுருள்வில்லும் குப்பியும் எஞ்சின் பக்கம் பார்க்க, காற்று வெளியேறும் சிறிய துளை மேலே இருக்க வைத்தார். இரண்டு போல்ற்றையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். ஒரு பக்கத்தை முதலில் முழுதாக இறுக்கினால் மூடி வெடிக்கும், அல்லது ஒழுகும்.

கிணற்றுத் தண்ணீருக்குப் பதிலாக, கூலன்ற்றையும் பற்றறிக்கு விடும் வடித்த தண்ணீரையும் கலந்து மெதுவாக விட்டார். மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓடவிட்டோம். குழாய் சூடானதும் மட்டம் திடீரென்று இறங்கியது. உள்ளே அடைபட்டிருந்த காற்று வெளியேறிவிட்டது. மேலும் விட்டு நிரப்பி மூடினார். அடுத்த நாள் காலையில் ஆறிய பின் மட்டத்தை மீண்டும் பார்க்கச் சொன்னார். கூலன்ற் நஞ்சு, ஆனால் இனிப்பாக இருக்கும். வாளியில் மிஞ்சியதைப் பிள்ளைகளும் நாயும் தொடாதபடி அப்புறப்படுத்தினோம்.

செவ்வாய்க்கிழமை பரந்தன்வரை ஓடிப் பார்த்தோம். முள் பாதிக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. திரும்பி வரும்வரை அசையவில்லை. புதன்கிழமை காலை பதினைந்து பிள்ளைகளும் வழமைபோல வானில் பாடசாலைக்குப் போனார்கள்.

இந்தத் தங்கச்சி எங்கே பழகினார் என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். 2009 க்கு முன்னர் அவர் இருந்த இடத்தில் பெண்களும் வாகனம் ஓட்டினார்கள், திருத்தினார்கள். புனர்வாழ்வு முகாமிலிருந்து வெளியே வந்த பின்னர் அவர் ஸ்பானரைத் தொடவில்லை. "தொட்டால் எங்கை பழகினனீ எண்டு கேப்பினம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைச்சுப்போனன்" என்றார். பன்னிரண்டு வருடம் இடியப்பம் அவித்தார். அது மதிப்பான தொழில்தான். ஆனால் ஓர் எஞ்சினின் நோயைக் குழாயைத் தொட்டுச் சொல்லக்கூடிய ஒருவர் தன் கைகளை ஒளித்து வைத்துக்கொண்டு வாழ்ந்தார் என்பதை எண்ணும்போது எனக்கு மனம் ஆறவில்லை.

எமது கிராமங்களுக்கு வரும் வாழ்வாதாரத் திட்டங்களின் படிவங்களில் வீட்டில் எத்தனை பேர், என்ன வருமானம், என்ன தேவை என்ற கேள்விகள் இருக்கும். 'உங்களுக்கு என்ன தெரியும்?' என்ற கேள்வி பெரும்பாலும் இருக்காது. கோழிக்குஞ்சும் தையல் இயந்திரமும் தேவையானவர்களுக்குக் கிடைக்கட்டும். ஆனால் எங்கள் பெண்களிடம் ஏற்கனவே இருக்கும் அறிவைக் கேட்டறியாமல், அவர்களை ஒன்றும் தெரியாதவர்களாக வைத்துத் தொடங்கும் எந்தத் திட்டமும் அவர்களுக்கு இரண்டாவது தடவையாக இழப்பைத்தான் கொடுக்கும். எங்கள் குழுவில் இப்போது இந்தக் கேள்வியை ஒவ்வொருவரிடமும் கேட்கிறோம். எங்கே பழகினீர்கள் என்று கேட்பதில்லை.

அந்தத் தங்கச்சி இன்றும் இடியப்பம் அவிக்கிறார். மத்தியானத்துக்குப் பின்னர் குழுவிலுள்ள வேறு பெண்களின் வாகனங்களையும் பார்த்துக் கொடுக்கிறார். சிறு கூலி வாங்குகிறார். பெயர்ப்பலகை போடுவோமா என்று கேட்டபோது, இப்போது வேண்டாம் என்றார். இதை எழுதட்டுமா என்று கேட்டேன். பெயரை எழுத வேண்டாம், வேலையை எழுதுங்கள் என்றார்.

ஆகவே அவர் சொல்லித் தந்ததை ஒருமுறை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே. முள் ஏறினால் நிறுத்துங்கள். ஆறும்வரை மூடியைத் தொடாதீர்கள். கராஜில் எஞ்சின் போய்விட்டது என்றால், கோபப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். மேல் குழாய் சுட்டதா? ஒயில் வெளுத்திருக்கிறதா? தேர்மோஸ்ரற்றைக் கழற்றிச் சுடுதண்ணீரில் போட்டுப் பார்த்தீர்களா? நேர்மையான தொழிலாளி விருப்பத்தோடு காட்டுவார். அப்படியானவர்களும் எமது ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். காட்ட மறுத்தால் வானைத் திருப்பிக்கொண்டு வாருங்கள். விற்பதற்கு முன்னர் உங்கள் குழுவில், பின்வரிசையில் இருப்பவர்களிடமும் ஒருமுறை கேளுங்கள்.